கடைமடைக்கு நிவாரண வண்டி எப்போது வரும்?

லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்தில் யாருக்கும் ‘கடைமடை’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கீழணை வந்து, வடவாறு வழியாக வீராணம் ஏரியை நிரப்பி, அதற்குப் பிறகுதான் இங்கே வயலுக்கு வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறிவிடும். மேலே எங்கே மழை கொட்டினாலும் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழி கடலூர் மாவட்டம்தான். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என்று எல்லா ஆறும் இந்த ஒரு மாவட்டத்தின் வழியாகத்தான் வடிகின்றன.

வெள்ளம் வந்த பிறகு நிவாரணமும் பாசனத் தண்ணீர் மாதிரியேதான் நடந்துகொள்கிறது. தலைமடையில் இருப்பவருக்கு, அதாவது நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு, மூன்று வேளையும் சாப்பாட்டுப் பொட்டலம் கிடைக்கிறது. நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு மூன்றாம் நாள்தான் ஒரு வண்டி எட்டிப் பார்க்கிறது. பொருள் இல்லாததால் மட்டும் இப்படி நடப்பதில்லை. பல நேரங்களில் பொருள் இருக்கும், போய்ச் சேராது. அது ஏன், கையில் ஒரு ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நாம் அதில் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

2015-இல் நடந்தது

2015 நவம்பர் 9-ஆம் தேதி இரவு ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளத்தில் பலர் உயிரிழந்தார்கள். குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களில் ஊர் ஊராகத் தண்ணீர் நின்றது. அதன் பிறகும் மழை விடவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் மூழ்கியது.

நாடு முழுவதும் வெள்ளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கிய பிறகுதான். உதவி செய்ய வேண்டும் என்று இந்தியா முழுவதும் மக்கள் கிளம்பினார்கள். கர்நாடகம், கேரளம், கொங்கு மாவட்டங்கள் என்று பல இடங்களிலிருந்து லாரிகள் வந்தன. சென்னையில் சேர்ந்தது போக மிச்சம் கடலூர் பக்கம் திரும்பியது. அந்த லாரிகளில் கணிசமானவை கடலூர்–சிதம்பரம் சாலையிலேயே நின்றுபோயின. பல இடங்களில் பாதிக்கப்பட்ட மக்களே வண்டிகளை வழிமறித்துப் பொருட்களை இறக்கிக்கொண்டார்கள். அன்றைய நாளேடுகள் இதை எழுதின.

வழிமறித்தவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் நிலையில் இருந்து பாருங்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், அடுப்பு மூட்ட வழி இல்லை, கண்ணெதிரே தண்ணீர் பாட்டில் ஏற்றிய வண்டி நிற்காமல் போகிறது. அடுத்த வண்டி நமக்கு எப்போது வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் வண்டி நாளை மதியம் வரும், இதோ பட்டியலில் உங்கள் தெரு இருக்கிறது என்று நம்பும்படி யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேர் சாலையில் இறங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. தகவல் இல்லாத இடத்தில் கூட்டம் கூடத்தான் செய்யும்.

இன்னொரு பக்கம், வெளியூரிலிருந்து வந்த ஓட்டுநருக்குச் சேத்தியாத்தோப்பு எங்கே, குமராட்சி எங்கே என்று தெரியாது. இருட்டுவதற்குள் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். முதலில் கை காட்டியவரிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் உள்ளே இருந்த ஊருக்கு ஒன்றும் வரவில்லை.

கல்யாணப் பந்தியும் நிவாரணமும்

ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்றால், சமையல்காரர் ஒரு வாரம் முன்பே பட்டியல் போட்டுவிடுவார். எத்தனை பேர், எந்த மண்டபம், எத்தனை மணிக்குப் பந்தி, எல்லாம் தெரியும். கடை திறந்திருக்கும், ரோடு இருக்கும், கரண்ட் இருக்கும். அப்படியும் கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோவது உண்டு.

நிவாரணத்தில் இதில் எதுவுமே கையில் இருக்காது. எத்தனை பேர் என்று தெரியாது, காலையில் சொன்ன எண்ணிக்கை மாலையில் மாறிவிடும். பாலம் இருக்கிறதா உடைந்ததா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். வாங்க வேண்டிய கடையே தண்ணீரில் நிற்கும். பொருளைக் கொடுப்பவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர், பிரிப்பவர் ஒருவர், கடைசியில் கையில் கொடுப்பவர் இன்னொருவர். இவர்கள் ஒருவரையொருவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். பொருள் கிளம்பும் இடத்திலிருந்து தேவைப்படுபவர் கைக்குப் போகும் வரை உள்ள இந்தத் தொடரைத்தான் விநியோகச் சங்கிலி என்கிறோம். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசி ஆளுக்குப் பொருள் இல்லை.

இதில் எல்லோரும் பேசுவது முதல் கண்ணியைப் பற்றி, அதாவது எவ்வளவு சேர்ந்தது, எத்தனை லாரி கிளம்பியது என்பதைப் பற்றி. சங்கிலி அறுவது பெரும்பாலும் கடைசி ஐந்து கிலோமீட்டரில்.

லால்பேட்டைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 47.5 அடி. ஏரிக்கு வரும் தண்ணீர் அதிகமானால் உபரியைத் திறந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கரைக்கே ஆபத்து. லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாக ஒரு பகுதி வெளியேறும். அதே நேரம் உள்ளூரிலும் மழை பெய்துகொண்டிருந்தால் திருநாரையூர், சர்வராஜன்பேட்டை, வீரநத்தம், கீழவன்னியூர் பக்கம் வயல், தெரு, சாலை என்று வித்தியாசம் இல்லாமல் தண்ணீர் நிற்கும். சிதம்பரம் வரை பத்து டன் லாரி தாராளமாக வரும். அங்கிருந்து ‘சின்ன யானை’ என்று நாம் சொல்லும் குட்டி வண்டி, அதற்கப்பால் டிராக்டர், அதற்கும் அப்பால் படகு அல்லது தலைச்சுமை. வண்டி மாறும் ஒவ்வோர் இடத்திலும் இறக்கி ஏற்ற ஆள் வேண்டும், நனையாமல் வைக்க இடம் வேண்டும், டீசல் வேண்டும், பொறுப்பான ஒருவர் வேண்டும்.

2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது சிதம்பரம் அருகே பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, ஜெயங்கொண்டபட்டினம் போன்ற கரையோர ஊர்கள் தீவாகின. அந்த இரண்டு முறையும் இங்கே பெரிய மழை இல்லை. மேலே காவிரியில் வந்த தண்ணீர் மட்டும்தான். சோறு, குடிநீர், மருந்து எல்லாமே படகில்தான் போக வேண்டியிருந்தது. பத்து டன் லாரி எத்தனை வந்தாலும் அங்கே அளவுகோல் அந்தப் படகில் ஒரு நடைக்கு எவ்வளவு ஏறும் என்பதுதான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

500 குடும்பம் உள்ள ஒரு ஊர், வீட்டுக்கு 4 பேர் என்று 2,000 பேர் என வைத்துக்கொள்வோம். குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 6,000 லிட்டர். பாட்டிலில் அனுப்பினால் அது 6 டன் எடை. ஒரு வாரத்துக்கு 42 டன்! காலி பாட்டில் குப்பை வேறு, வடிகாலை அடைத்துக்கொள்ளும். குடிக்க, சமைக்க, கை கால் கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் என்பது உலக அளவில் நிவாரணப் பணிகளில் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவு. அப்படிப் பார்த்தால் தினமும் 30,000 லிட்டர். இதைப் பாட்டிலில் யோசிக்கவே முடியாது.

இதே ஊருக்குக் குளோரின் மாத்திரை அனுப்பினால்? உறையில் ‘20 லிட்டருக்கு ஒன்று’ என்று போட்ட வகையை எடுத்துக்கொண்டால், குடிநீருக்கு நாளைக்கு 300 மாத்திரை, வாரத்துக்கு 2,100. ஒரு துணிப்பையில் அடங்கிவிடும், ஒருவர் சைக்கிளில் கொண்டுபோகலாம். தண்ணீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைக்க வேண்டும். ரசாயனமோ எண்ணெயோ கலந்த தண்ணீருக்கு இது உதவாது. அப்படிப்பட்ட இடத்துக்கு டேங்கர்தான் வழி. இன்னொரு வழி, ஊரில் மேல்நிலைத் தொட்டியும் ஆழ்குழாயும் நன்றாக இருந்து கரண்ட் மட்டும் இல்லை என்றால், ஒரு ஜெனரேட்டரும் டீசலும் போதும். அது ஒரு தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நம் மாவட்டம் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை, செல்போன் கோபுரமும் பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிடும். அந்த நாட்களில் மின்கம்பமும் அதை நடத் தெரிந்த ஆளும்தான் உண்மையான நிவாரணப் பொருள். அதைத் தனி மனிதர் யாரும் லாரியில் அனுப்ப முடியாது, பிற மாவட்ட மின்வாரிய ஊழியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அரிசிக் கணக்கு கொஞ்சம் சுலபம். குடும்பத்துக்கு 5 கிலோ என்றால் 500 குடும்பத்துக்கு இரண்டரை டன், சின்ன யானை நாலு நடை. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் கரையைக் கடந்து, அதன் பின் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்தபோது, விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு அரசு அறிவித்ததில் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் உதவித்தொகையும், கடும் பாதிப்புக்குள்ளான குடும்பங்களுக்கு 5 கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம் பருப்பு, ஒரு கிலோ சர்க்கரையும் இருந்தன. இதில் அரசுக்கு ஒரு வசதி உண்டு. ரேஷன் கடை ஏற்கெனவே எல்லா ஊரிலும் இருக்கிறது, குடும்ப எண்ணிக்கையும் கையில் இருக்கிறது. புதிதாகச் சங்கிலி போட வேண்டியதில்லை.

வேண்டாத பொருளும் ஒரு வெள்ளம்தான்

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரிய நிலநடுக்கம். உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருட்களும் குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. 8 சதவீதம் வரும்போதே காலாவதி. 4 சதவீதம் பனியில் வீணானது. மீதி இருந்ததில் 30 சதவீதத்தைத்தான் என்ன மருந்து என்று எளிதில் கண்டுபிடிக்க முடிந்தது, பல டப்பாக்களில் யாருக்கும் தெரியாத மொழியில் பெயர். நல்ல மனசோடு அனுப்பியவைதான் எல்லாமே. 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது துறைமுகம் உடைந்துபோனது, தலைநகர் விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை. பொருள் ஏற்றிய விமானங்கள் இறங்க இடமில்லாமல் திரும்பிப் போயின.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை போன்ற கடலோர ஊர்களுக்கு உதவி வந்து குவிந்தது. அதில் பழைய துணி மலை மாதிரி. கிழிந்தது, துவைக்காதது, இந்த ஊரில் யாரும் உடுத்தாத உடை. கடலூர், நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் அந்தத் துணி மூட்டைகள் வெயிலிலும் மழையிலும் கிடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சொந்தமாகப் படகு வைத்துப் பிழைத்த குடும்பம், எல்லாம் போனாலும் இன்னொருவர் கழித்துப் போட்ட துணியை எடுத்து உடுத்தத் தயங்கியது. அதில் தப்பு என்ன இருக்கிறது?

வேண்டாத பொருளை ‘போனால் போகட்டும்’ என்று விடவும் முடியாது. அதை இறக்கவும், பிரிக்கவும், வைக்கவும், கடைசியில் குப்பையில் போடவும் ஆள் வேண்டும், இடம் வேண்டும். அந்த ஆளும் இடமும் அரிசிக்கும் மருந்துக்கும் வேண்டியவை. குழந்தைகளுக்கான பால் பவுடரிலும் கவனம் வேண்டும். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்குக்கு அதுவே காரணமாகிவிடும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பேரிடர் நேரத்தில் பால் பவுடரை நன்கொடையாகக் கேட்கவோ அனுப்பவோ வேண்டாம் என்கின்றன. தாய்ப்பால் இல்லாத குழந்தை இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் ஏற்பாடு செய்வார்.

ஊருக்குள்ளேயும் ஒரு கடைமடை

வண்டி ஊருக்கு வந்துவிட்டது. எங்கே நிற்கும்? பெரிய தெருவில், கோயில் வாசலில், பள்ளிவாசல் முன், பஸ் நிறுத்தத்தில். ஊரின் தாழ்ந்த பகுதியில், ஓடைக்கரையில் இருக்கும் குடியிருப்புக்கு அது தெரியவே தெரியாது. பல ஊர்களில் ஆதிதிராவிடர் குடியிருப்பு இருப்பது அந்தத் தாழ்ந்த பகுதியில்தான். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் வாழும் இருளர் குடும்பங்கள், செங்கல் சூளை வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், இவர்களில் சிலரிடம் இந்த ஊர் ரேஷன் அட்டை இருக்காது. அட்டையை வைத்துக் கொடுக்கும் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. தண்ணீர் மட்டும் அட்டை பார்க்காமல் எல்லார் வீட்டிலும் நுழையும்.

கூட்டத்தில் முண்டியடித்து வாங்க முடியாதவர்களும் உண்டு. தனியாக வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி, கைக்குழந்தைக்காரி, நிறைமாதக் கர்ப்பிணி. எனவே வண்டி வருவதற்கு முன்பே தெருவாரியாகப் பட்டியல் எடுத்து டோக்கன் கொடுப்பதும், ஊரின் கடைசித் தெருவிலிருந்து ஆரம்பிப்பதும் நல்ல பழக்கம். லால்பேட்டை போன்ற ஊர்களில் ஜமாஅத்துக்கு வீடு வீடாகக் கணக்குத் தெரியும், மற்ற ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுவுக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தெரியும். அந்தக் கணக்கை கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரே பட்டியலாகக் கொடுத்துவிட்டால், அரசு கொடுப்பதும் மற்றவர் கொடுப்பதும் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போகாது, இன்னொரு வீட்டை விட்டும் போகாது.

உங்கள் போன் என்ன செய்ய முடியும்?

இனி நம் கைக்கு வருவோம். வெள்ள நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் தகவல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “அவசரம்! கடலூர் மக்கள் சாப்பாடு இல்லாமல் தவிக்கிறார்கள்! உடனே உதவுங்கள்! அதிகம் பகிருங்கள்!” இதில் எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர், யாரைக் கேட்க வேண்டும், எதுவும் இல்லை. அஞ்சு நாள் கழித்தும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் ஆயிரம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருவார், அதற்குள் அந்த ஊரில் தண்ணீர் வடிந்து வீட்டிலேயே சமைக்க ஆரம்பித்திருப்பார்கள். 2018 கேரள வெள்ளத்தில் உதவி கேட்பவர்களின் விவரத்தைப் பதிவுசெய்ய ஓர் இணையதளமே உருவானது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். சரியான முகவரி கிடைத்தால் படகு நேராகப் போகலாம். ஏற்கெனவே மீட்கப்பட்டவரின் பழைய செய்தியைத் தேடிப் போனால் ஒரு நடை வீண்.

ஒரு நல்ல கோரிக்கை எப்படி இருக்கும்? மாதிரிக்கு ஒன்று:

“டிசம்பர் 4, காலை 7.30 மணி. காட்டுமன்னார்கோயில் வட்டம், (ஊராட்சி பெயர்), கீழத்தெரு. 64 குடும்பம், சுமார் 250 பேர், தொடக்கப்பள்ளியில் இருக்கிறோம். குடிநீர் இல்லை, கைபம்பு மூழ்கிவிட்டது. அரிசி இரண்டு நாளைக்கு இருக்கிறது. சர்க்கரை நோய் மாத்திரை 6 பேருக்கு வேண்டும். துணி வேண்டாம். மெயின் ரோட்டிலிருந்து டிராக்டர் மட்டும் வரும். தொடர்புக்கு: (பெயர், எண்). இந்தச் செய்தி நாளை காலை 7.30 வரை மட்டும் செல்லும்.”

என்ன வேண்டும் என்பதோடு என்ன வேண்டாம் என்பதும் இருக்கிறது பாருங்கள். எந்த வண்டி உள்ளே வரும் என்பதும் இருக்கிறது. கடைசி வரி ரொம்ப முக்கியம். மாத்திரைக்குக் காலாவதித் தேதி இருக்கிற மாதிரி செய்திக்கும் வேண்டும். கூடவே கூகுள் மேப்பில் உங்கள் இருப்பிடத்தை அனுப்புங்கள். நெட் இல்லாவிட்டால் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது அழைப்பு போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் போய்விடுவது உண்டு.

இந்தச் செய்தி முதலில் போக வேண்டிய இடம் குடும்பக் குழு இல்லை. மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1077, மாநில மையம் 1070. இரண்டும் கட்டணமில்லா எண்கள், 24 மணி நேரமும் செயல்படும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்துகொண்டு ஊரில் உள்ள அம்மா அப்பாவுக்காக அழைக்கிறீர்கள் என்றால், 1077-க்கு முன்னால் கடலூரின் குறியீடு 04142 சேர்த்து அழையுங்கள். அழைப்பு இப்படி இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும்:

“வணக்கம் மேடம், காட்டுமன்னார்கோயில் வட்டத்துல இருந்து பேசறேன்.”

“சொல்லுங்க சார், எந்த ஊராட்சி?”

“ஊராட்சி பேரு சொல்றேன், எழுதிக்குங்க. பள்ளிக்கூடத்துல 250 பேர் இருக்கோம். யாருக்கும் உயிராபத்து இல்லீங்க, குடிதண்ணிதான் இல்ல. டிராக்டர் வர்ற வழி இருக்கு.”

“சரிங்க சார், உங்க பேரு, நம்பர் சொல்லுங்க. புகார் எண் தர்றேன், குறிச்சு வச்சுக்குங்க.”

‘உயிராபத்து இல்லை’ என்று சொல்வதால் உங்கள் கோரிக்கை பின்னால் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். உயிராபத்தில் இருப்பவருக்குப் படகு முதலில் போகட்டும், உங்களுக்குத் தண்ணீர் டேங்கர் தனியாக வரும், இரண்டும் வேறு வேறு வண்டி. நோயாளிக்கு 108. ரேஷன் கடை திறக்கவில்லை, பொருள் மறுக்கப்படுகிறது என்றால் 1967.

மழைக்காலத்துக்கு முன்பே போனில் ஏற்றி வைக்க வேண்டியது தமிழ்நாடு அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி. தமிழிலேயே வானிலை முன்னறிவிப்பு, பெய்த மழையளவு, அணைகளின் நீர்மட்டம் பார்க்கலாம். நம் பகுதிக்கு மூன்றாவதுதான் முக்கியம். இங்கே வெயில் அடிக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மேட்டூரில் எவ்வளவு, கீழணையில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டால் கொள்ளிடக்கரை ஊர்களுக்கு மாடு கன்றை மேட்டில் ஏற்றவும், ஒரு வாரத்து மாத்திரையை வாங்கி வைக்கவும் நேரம் கிடைக்கும். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் படம் எடுத்து டிஜிலாக்கரிலோ மின்னஞ்சலிலோ வைத்துக்கொள்ளுங்கள். 2015-இல் நிவாரணத் தொகை வங்கிக் கணக்கில்தான் வந்தது. பாஸ்புக் வெள்ளத்தில் போனவர்கள் கணக்கு எண்ணைச் சொல்லவே அலைந்தார்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

லால்பேட்டையிலும் சுற்று ஊர்களிலும் வளைகுடா நாடுகளில் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. வெள்ளம் என்றதும் முதலில் பதறுவதும் பணம் அனுப்புவதும் அவர்கள்தான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பொருளாக அனுப்பாதீர்கள், பணமாக அனுப்புங்கள். சிதம்பரத்தில் மொத்தக் கடைகள் திறந்திருக்கும் வரை அரிசியை அங்கேயே வாங்கலாம். போக்குவரத்துச் செலவு மிச்சம், இங்கே சாப்பிடும் அரிசியே கிடைக்கும், வெள்ளத்தில் நஷ்டப்பட்ட உள்ளூர் வியாபாரிக்கும் நாலு காசு வரும். கடையே மூழ்கிய முதல் இரண்டு மூன்று நாளைக்குத்தான் வெளியிலிருந்து பொருள் வர வேண்டியிருக்கும்.

முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அனுப்புவதானால் அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்கு நீங்களே போய்ப் பணம் செலுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்யாதீர்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் போலிக் கணக்குகள் முளைக்கின்றன.

லாரியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கும் நண்பர்கள் கிளம்புவதற்கு முன் 1077-ஐ அழைத்து எங்கே இறக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள், வெளியே தமிழில் பெரிதாக என்ன, எத்தனை, காலாவதி எப்போது என்று எழுதி ஒட்டுங்கள். அரிசி, சோப்பு, பிஸ்கட், மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே மூட்டையில் வந்தால் பிரிக்கவே ஒரு நாள் போய்விடும். நாப்கின், கொசுவர்த்தி, டார்ச், புதுத் தார்ப்பாய், பாய், போர்வை ஆகியவை எப்போதும் குறைவாகவே வருகின்றன. பகலில் வந்து சேரும்படி கிளம்புங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வண்டியில் கூட இருக்கட்டும், அவருக்குக் குறுக்கு வழியும் தெரியும், எந்தத் தெரு விட்டுப்போகும் என்பதும் தெரியும்.

பொருள் கைக்கு வந்த பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கோரிக்கை அனுப்பிய அதே குழுக்களில், அதே எண்களுக்கு, “கீழத்தெருவுக்குக் குடிநீர் வந்து சேர்ந்தது, டிசம்பர் 4 மாலை 5 மணி, இனி வேண்டாம்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். புகார் எண்ணைச் சொல்லி 1077-இலும் கோரிக்கையை முடித்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவுக்கு இரண்டாவதாகக் கிளம்ப இருந்த அந்த டேங்கர் அடுத்த ஊருக்குத் திரும்பும்.